வேர்க்காத உடம்பு

அந்த வருடம் வெயில் யூன் மாதக் கடைசியிலேயே வந்து குந்திக்கொண்டது.

மொன்றியலின் அஹுன்ட்சிக் பகுதியில், சபனெல் தெருத் தையல் தொழிற்சாலைகளுக்கு நடந்துபோகிற தூரத்தில், மூன்றடுக்குச் செங்கல் வீடொன்றின் உச்சியில் கனகமணியும் சிவானந்தமும் இருந்தார்கள். தட்டைக் கூரை. அதற்கு மேலே கறுப்புத் தார். பகல் முழுக்கக் குடித்த வெயிலைத் தார் விடியவிடிய வீட்டுக்குள் இறக்கும். காலையில் கனகமணி எழும்பிக் குளியலறைக்குப் போனால், வெறுங்காலுக்கு நிலம் தோசைக்கல் ஆறினமாதிரி இளஞ்சூடாக இருக்கும்.

வேலைக்கு வெளிக்கிடுமுன் அவள் செய்கிற வேலை ஒன்று இருந்தது. குளியல் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, இரண்டு துவாயை நனைத்துப் பிழிந்து குளிர்ப்பெட்டிக்குள் வைப்பாள். தயிரும் வெங்காயமும் பிசைந்த பழஞ்சோற்றை மூடிவைப்பாள். பிறகு கணவனுடைய முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள்.

"என்ன, அடுப்பு மூண்டிட்டுதோ?" என்று சிவானந்தம் கேட்பார்.

"சும்மா இருங்கோ. இண்டைக்கும் அவிச்சலாத்தான் கிடக்கப்போகுது. தொட்டிக்குள்ளை இருங்கோ. வெளியிலை இறங்கவேண்டாம்."

"தொட்டிக்குள்ளை இருக்க நானென்ன விலாங்கு மீனோ?"

பகிடிதான். ஆனால் அந்த முதுகில் ஒரு பொட்டு ஈரம் இருக்காது.

எண்பத்தைந்தில் திருகோணமலையில் அவருடைய துணிக்கடையைக் கொளுத்தினார்கள். சிவானந்தம் உள்ளே இருந்தார். பின்கதவை உடைத்து அவரை இழுத்தெடுத்தபோது முதுகும் நெஞ்சும் இரண்டு தோளும் கைகளும் வெந்திருந்தன. ஒரு வருடம் ஆசுப்பத்திரி. தொடையிலிருந்து தோலெடுத்து ஒட்டினார்கள். உயிர் தப்பிவிட்டது. கழுத்துக்குக் கீழே, கசங்கிய எண்ணெய்க் கடதாசிபோல, பளபளப்பாய் ஒரு புதுத்தோல் வந்தது. எண்பத்தாறு ஐப்பசியில் இருவரும் மொன்றியல் வந்து சேர்ந்தார்கள்.

பனிக்காலம் முழுக்க அவர் ராசா. தெருவில் எல்லாரும் நடுங்கிக்கொண்டு போக, அவர் ஒற்றைச் சட்டையோடு படிக்கட்டுப் பனியை வழித்தெறிவார். நடுமாடியில் இருந்த வீட்டுக்காரர், கஞோன் என்ற கிழவர், யன்னலால் பார்த்துத் தலையில் கைவைப்பார். வைகாசி பிறக்கத்தான் விளங்கியது. கோப்பை கழுவப் போன உணவகமொன்றின் நீராவிக்குள் நின்ற சிவானந்தம் கோப்பைகளோடு சரிந்து விழுந்தார். ஆசுப்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் கனகமணிக்கு ஆறுதலாக விளங்கப்படுத்தினான். ஒட்டிய தோலுக்கு வேர்க்கத் தெரியாது. வேர்க்காத உடம்பு சூட்டை வெளியே விடாது. வெயில் ஏற ஏற உடம்பு உள்ளுக்குள்ளே அவியும். ஒருநாள் மயக்கம் வரும், அடுத்தது வலிப்பு வரும், அதற்குப் பிறகு அவன் சொல்லவில்லை. "இவரைக் குளிரான அறையில் வைத்திருங்கள்" என்றான்.

குளிரான அறை. நெருப்பிலிருந்து தப்ப உலகத்தின் மற்றப் பக்கத்துக்கு ஓடிவந்தும் வெக்கை தேடி வந்துவிட்டதே என்று கனகமணி பஸ்ஸில் அழுதாள்.

யூலை முதலாம் திகதி மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறும். வேண்டாத சாமான்களை நடைபாதையில் விட்டுவிட்டுப் போவார்கள். அன்று பின்னேரம் கீழ்வீட்டு அல்பேட், ஒரு பழைய யன்னல் ஏசி மிசினைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். அல்பேட்டும் மனைவி செலீனும் மன்னார்க்காரர். நிலத்துக்குள் பாதி புதைந்திருந்த கீழ்வீட்டில் கைக்குழந்தையோடு இருந்தார்கள்.

"அண்ணை, றோட்டிலை கிடந்தது. செருகிப் பாத்தன், ஓடுது!"

ஓடத்தான் செய்தது. ஆனால் அந்த வீட்டு யன்னல்கள் பக்கவாட்டில் இழுபடுகிறவை. மிசினோ மேலும் கீழும் இழுபடும் யன்னலுக்கென்று செய்தது. அல்பேட் பலகை வெட்டி, மிசினுக்கு மேலே அடைத்து, ஆணி அடித்து, அடியில் ஒரு செங்கல்லும் மரத்துண்டும் முட்டுக்கொடுத்தான். மிசினின் பெரும்பாகம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நேர் கீழே வீட்டின் முன்வாசல் படி.

அது போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டது. வீட்டுக்குள் கதைப்பதென்றால் கத்தவேண்டும். சுவர் அதிரும். அலமாரியில் பிள்ளையார் படம் மெல்ல மெல்ல நகர்ந்து விளிம்புக்கு வரும். கனகமணி திரும்பத் தள்ளிவைப்பாள். ஆனாலும் அந்த ஒரு அறை கொஞ்சம் குளிர்ந்தது. சிவானந்தம் மிசினுக்கு முன்னால் கதிரையைப் போட்டு, சேட்டைக் கழற்றிவிட்டு நாள் முழுக்க இருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை யோகேந்திரன் வந்தான். திருகோணமலைப் பெடியன். டொலார்ட்-டெஸ்-ஓர்மோப் பக்கத்துப் பெரிய வீடுகளுக்குக் குளிர் மிசின் பூட்டுகிற ஒரு கிரேக்கனிடம் கையாளாக வேலை செய்தான். படியேறி வந்தவன் இருக்கவில்லை. யன்னலடிக்குப் போய்க் குனிந்து பார்த்தான். மரச்சட்டத்தை நகத்தால் சுரண்டினான். மரம் ஈரப் பாண் மாதிரி உதிர்ந்தது.

"அக்கா, இதை ஆர் பூட்டினது?"

"அல்பேட் தம்பி. ஏன்?"

"நிப்பாட்டுங்கோ, கதைக்கேலாமல் கிடக்கு."

மிசினை நிற்பாட்டினார்கள். காது அடைத்த மாதிரி இருந்தது.

"சட்டம் உக்கிப்போச்சு. மிசினிலையிருந்து வடியிற தண்ணி முழுக்க இதுக்குள்ளைதான் போகுது. போன கிழமை பூட்டேக்கை நேராவோ நிண்டது? இப்ப வெளிப்பக்கம் சரிஞ்சிருக்கு, பாருங்கோ."

கனகமணி பார்த்தாள். சரிந்துதான் இருந்தது.

"கீழை செலீன் பிள்ளையோடை படியிலை வந்து இருக்கிறவள்," என்றாள்.

"அதுதான் சொல்லுறன். இன்னொண்டு. வீட்டிலை முன்பக்கம் இருக்கிறது இந்த ஒரு யன்னல். அதையும் அடைச்சுப்போட்டியள். அவசரத்துக்கு எதாலை தலையை நீட்டுவியள்?"

சிவானந்தம் சிரித்தார். "கழட்டினா நான் சாவன். கழட்டாட்டி கீழை ஆரும் சாவினம். நல்ல நியாயம் கொண்டந்திருக்கிறாய் தம்பி."

"இல்லை அண்ணை, வேறை வழி இருக்கு. பெரிய வீடுகளிலை நிலவறையிலை வீட்டைச் சூடாக்கிற சூளை இருக்கும். அதிலையிருந்து தகரக் குழாய் அறையறையாப் போகும். சூடும் அதாலைதான், குளிரும் அதாலைதான். உங்கட வீட்டிலை சுவரோரம் கரண்ட் ஹீற்றர் மட்டும். குழாய் போடுறதெண்டால் வீட்டை உடைச்சுத்தான் போடவேணும்."

"அப்ப?"

"இப்ப யப்பானிலையிருந்து ஒரு மிசின் வருகுது, குழாயே வேண்டாம். ரண்டு துண்டு. இரையிற துண்டு, சூட்டைக் கக்குற துண்டு வெளியிலை இருக்கும். உங்களுக்குப் பின்பக்கம் கலரி, அந்தப் பல்கனி, இருக்கே, அதின்ரை நிலத்திலை வைக்கலாம். தொங்கத் தேவையில்லை. மற்றத் துண்டு உள்ளுக்கை, சுவரிலை உயரத்திலை. ரண்டையும் தொடுக்கிறது மெல்லிய செப்புக் குழாய். என்ரை கை போற அளவுக்குச் சுவரிலை ஒரு ஓட்டை காணும். யன்னல் யன்னலாவே இருக்கும். கரண்டும் குறையத்தான் இழுக்கும்."

"சத்தம்?" என்று கேட்டாள் கனகமணி.

"புருசன் பெண்சாதி குசுகுசுக்கலாம் அக்கா."

"உதெல்லாம் பணக்காரற்றை சாமான்."

"டொலார்டிலை ஒரு வீட்டிலை பெரிசு போட்டிட்டுப் பழசைக் கழட்டினவை. ஒண்டரை வருசம்தான் ஓடினது. எங்கட ஸ்ரோரிலை சும்மா கிடக்கு. முதலாளியைக் கேட்டனான், கொண்டுபோ எண்டிட்டார். சுவரிலை ஓட்டை போட வீட்டுக்காரர் விடவேணும். அவ்வளவுதான்."

அன்றே மூவரும் நடுமாடிக்கு இறங்கிப்போனார்கள். கஞோன் கதவை அரைவாசி திறந்தார். யோகேந்திரன் தன் உடைந்த பிரெஞ்சில் சொல்லி, கையை முட்டியாக்கி ஓட்டையின் அளவைக் காட்டினான். கிழவர் செங்கல் சுவரைத் தடவிக்கொண்டு, "நோன்" என்றார். பிறகும் இரண்டு முறை "நோன், நோன்" என்றார். அந்தச் சுவரை அவருடைய தகப்பன் கட்டினதாம். கதவு மூடியது.

"வற்புறுத்தாதை," என்று படியேறும்போது சிவானந்தம் சொன்னார். "எங்கட அகதி வழக்கு இன்னும் கூப்பிடேல்லை. பொலிஸ் கிலிஸ் எண்டு வந்தால் எல்லாம் பாழ்."

அடுத்த நாட்களில் வெயில் இன்னும் முறுகியது. காற்று செத்துவிட்டது. தெருவில் நாய்கள் கார்களுக்கு அடியில் படுத்தன. தொழிற்சாலையில் நீராவி இஸ்திரிப் பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் மயங்கினார்கள். கனகமணி ஒவ்வொரு தையலுக்கும் வீட்டை நினைத்தாள். வேலை விட்டுத் தெருவில் திரும்பும்போது முதலில் அந்த இரைச்சலைத் தேடிக் காது போகும். கேட்டதும் மூச்சு வரும். பிறகு கண் மேலே போகும். மிசின் நேற்றையைவிட இன்னும் கொஞ்சம் குனிந்து படியைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல் தெரியும். படியில் செலீன் குழந்தைக்கு விசிறிக்கொண்டிருப்பாள்.

"செலீன், அதிலை இருக்காதை பிள்ளை."

"உள்ளுக்கை இருந்தால் பிள்ளை வீரிடுது அக்கா. இதிலை கொஞ்சம் நிழல்."

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. தொழிற்சாலை யன்னலால் பார்த்தவர்கள் இரவு வந்துவிட்டது என்றார்கள். ஒரு முழக்கம் கேட்டது. அத்தோடு விளக்கும் நின்றது, நூறு தையல் மிசினும் ஒன்றாக நின்றது. பிறகு மழை. கனகமணி சின்ன வயதிலிருந்து சோளகக் காற்றும் வாடை மழையும் கண்டவள். அப்படி ஒரு மழையை அவள் கண்டதில்லை. பூமியில் விழுந்து தெறிக்க இடமில்லாமல் தண்ணீர் தண்ணீரின்மேல் விழுந்தது. மேற்பார்வையாளன் எல்லாரையும் வீட்டுக்குப் போகச் சொன்னான். மற்றவர்கள் வாசலில் ஒதுங்கினார்கள். கனகமணி இறங்கி நடந்தாள். கரண்ட் இல்லையென்றால் மிசின் நின்றிருக்கும். அடைத்த அறைக்குள் அவர் தனியே.

தெருவில் முழங்கால் தண்ணீர். சாக்கடை மூடிகள் எழும்பி ஆடின. கைவிட்ட கார்களுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. செருப்பு ஒன்று போய்விட்டது. மற்றதையும் கழற்றி எறிந்துவிட்டு நடந்தாள்.

வீடு தெரிந்தது. கீழ்வீட்டுக்குள் தண்ணீர் புகுந்திருந்தது. கரண்ட் வயருக்குப் பயந்து, செலீன் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு முன்படியில் ஏறி நின்றாள். காற்று மழையைச் சாட்டையாய் அடித்தது. கனகமணி மேலே பார்த்தாள்.

அடைப்புப் பலகையைக் காணவில்லை. மிசின் சட்டத்தை விட்டுச் சரிந்து வெளியே தொங்கியது. அதைச் சுற்றி இரண்டு கை. நெஞ்சோடு அணைத்துப் பிடித்தபடி சிவானந்தம் யன்னலால் பாதி வெளியே வந்து நின்றார். வாய் திறந்து திறந்து மூடியது. கத்துகிறார். முழக்கத்தில் ஒன்றும் கேட்கவில்லை. செலீனுக்கும் கேட்டிருக்காது. அவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"செலீன்! இஞ்சாலை வா! இஞ்சாலை!"

செலீன் அவளைக் கண்டு கையை ஆட்டினாள். "தண்ணிக்குள்ளை வராதையுங்கோ அக்கா! கரண்ட் அடிக்கும்!"

கனகமணி ஓட முயன்றாள். தண்ணீர் காலைப் பிடித்தது. படியடிக்கு வந்து செலீனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். இருவரும் தண்ணீருக்குள் இடறி விழுந்து, குழந்தையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தெரு நடுவுக்கு வந்தார்கள். அங்கே நின்று கனகமணி மேலே பார்த்து இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள்.

"விடுங்கோ! விட்டிடுங்கோ!"

அவர் அவளைப் பார்த்தார். விட்டார்.

மிசின் படியில் விழுந்து, சீமெந்தை இரண்டாய்ப் பிளந்து, இரும்புக் கைப்பிடியை மடித்துக்கொண்டு கிடந்தது. செலீன் அதைப் பார்த்தாள். "மாதாவே" என்று மட்டும் சொல்லி, தெருத் தண்ணீருக்குள்ளேயே முழந்தாளிட்டாள்.

தகரத்தின் விளிம்பு சிவானந்தத்தின் கைகளைக் கிழித்திருந்தது. ஒட்டிய தோல் மெல்லியது. இரண்டு இடத்தில் கழன்றே வந்துவிட்டது. ஆசுப்பத்திரியில் கட்டுப்போட்டார்கள். "இனி ஒரு வெக்கை இவரைப் பிடித்தால் நான் உறுதி சொல்லமாட்டேன்" என்றான் அதே டொக்டர்.

உடைந்த படியைப் பார்த்த கஞோனுக்கு முகம் சிவந்தது. இனி இந்த வீட்டில் ஒருவரும் எந்த மிசினும் வைக்கக்கூடாது, வைத்தால் வீட்டை விட்டுப் போகவேண்டும் என்றார். அது விளங்குவதற்கு யோகேந்திரன் தேவைப்படவில்லை.

மழைக்குப் பிறகு சில நாள் ஊர் குளிர்ந்தது. பிறகு வெயில் திரும்பி வந்தது. சனிக்கிழமை காலை சிவானந்தத்துக்குப் பேச்சுக் குழறியது. கனகமணியைத் தன் தமக்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தமக்கை செத்துப் பத்து வருடம். கனகமணி அவரைத் தொட்டிக்குள் இருத்தித் தலையில் தண்ணீர் வார்த்தாள். கண் தெளிந்தது. அவள் தொலைபேசியை எடுத்தாள்.

"யோகேந்திரன், அந்த மிசினைக் கொண்டுவா."

"வீட்டுக்காரர்?"

"நீ கொண்டுவா."

மத்தியானத்துக்குள் அவனும் அல்பேட்டும் பின்பக்கப் படியால் இரண்டு பெட்டியை ஏற்றினார்கள். வெளித்துண்டைக் கலரியில், நிலத்தோடு நிலமாய் வைத்தார்கள். யோகேந்திரன் துளைக்கிற மிசினைச் சுவரில் வைத்து அழுத்தினான். செங்கல் தூள் சிவப்பாய்க் கொட்டியது. வீடே அலறியது. அரைவாசி போயிருக்காது, கதவு இடிபட்டது.

கஞோன் உள்ளே வந்துவிட்டார். வாயிலிருந்து பிரெஞ்சு கொட்டியது. பொலிஸ் என்ற சொல் மட்டும் கனகமணிக்கு விளங்கியது. யோகேந்திரன் துளைகருவியைக் கீழே வைத்தான். சிவானந்தம் கட்டிலில் சேட்டில்லாமல் குப்புறக் கிடந்தார்; எழும்ப முயன்று முடியாமல் கிடந்தார்.

கனகமணிக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, பிரெஞ்சு இல்லை. அவள் போய் அந்தக் கிழவரின் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் திடுக்கிட்டார். கட்டிலடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவருடைய உள்ளங்கையை எடுத்து அந்தப் பளபளத்த முதுகில் அழுத்தினாள். அழுத்தியபடி பிடித்துக்கொண்டாள்.

கஞோன் பேச்சை நிறுத்தினார்.

அவருடைய நெற்றியிலிருந்தும் கழுத்திலிருந்தும் வேர்வை வடிந்துகொண்டிருந்தது. கைக்குக் கீழே இருந்த முதுகு காய்ந்து, கொதித்துக்கொண்டு கிடந்தது. அவள் பிடியை விட்ட பிறகும் அவர் கையை எடுக்கவில்லை. பிறகு எடுத்துத் தன் கையைப் பார்த்தார். ஏதோ கேட்டார்.

"ஃபெ," என்றாள் கனகமணி. தொழிற்சாலைச் சுவரில் தீ அறிவிப்புப் பலகையில் இருந்த சொல். "ஃபெ, மெசியூ."

கிழவர் சிவானந்தத்தைப் பார்த்தார். சுவரில் பாதி போட்ட ஓட்டையைப் பார்த்தார். கலரிக்குப் போய் வெளித்துண்டைக் காலால் தள்ளிப் பார்த்தார், அது அசையவில்லை. ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போனார். கீழே கதவு சாத்துப்படுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, என்னவாம்? ஓம் எண்டாரோ, இல்லை எண்டாரோ?"

"தெரியாது. நீ போடு."

அவன் போட்டான்.

மறுநாள் ஞாயிறு. சுவரில் உயரத்தில் இருந்த வெள்ளைப் பெட்டி மெல்லிய மூச்சுவிட்டது. ஆனால் ஒவ்வொரு கார்ச் சத்தத்துக்கும் கனகமணி யன்னலால் எட்டிப்பார்த்தாள். பொலிஸ் வரவில்லை. திங்கள் அவள் வேலைக்குப் போகவேண்டி இருந்தது.

பின்னேரம் தெருவில் திரும்பும்போது பழக்கத்தில் காது இரைச்சலைத் தேடியது. வீடு செத்த மாதிரிக் கிடந்தது. புது மிசின் இரையாது என்று மனம் சொன்னது, கால் கேட்கவில்லை. விரைந்து நடந்தாள்.

உடைந்த படியில் கஞோன் நின்றார். அவளுக்காகவே காத்து நின்றமாதிரி. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். மேலே காட்டி, மிகவும் தணிந்த குரலில், ஏதோ சொன்னார். "உன் கணவன்" என்பது அவளுக்கு விளங்கியது. கடைசியில் வந்த சொல் "மோர்" என்று விழுந்தது. போன மாதம் பக்கத்து மிசின்காரியின் தாய் செத்துப்போனபோது தொழிற்சாலையில் எல்லாரும் அந்தச் சொல்லைத்தான் சொன்னார்கள்.

சாப்பாட்டுப் பை கீழே விழுந்தது. அவள் ஏறினாள். கிழவர் பின்னால் ஏதோ பதறிக்கொண்டு கூப்பிட்டார். கதவு பூட்டியிருக்கவில்லை. அறை இருட்டாக, ஒரு சத்தமும் இல்லாமல் இருந்தது. சிவானந்தம் மல்லாந்து கிடந்தார். கட்டுப்போட்ட கைகள் நெஞ்சின்மேல்.

கனகமணி அவருடைய தோளைத் தொட்டாள்.

தோள் குளிர்ந்திருந்தது. நெஞ்சைத் தொட்டாள். அதுவும் குளிர். மூன்று மாதமாக அவள் தொட்ட உடம்பு அடுப்புக்கல்லாய்த்தான் இருந்தது; இப்படி ஒருநாளும் இருந்ததில்லை. பிணத்தைத் தொட்டவளுக்கு அந்தக் குளிர் தெரியும்.

"ஐயோ!" என்று அவள் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டிலிருந்து செலீன் குழந்தையோடு ஓடி வந்தாள். பின்னால் கஞோன், மூச்சிரைத்துக்கொண்டு, இரண்டு கையையும் சேர்த்துக் கன்னத்துக்கு அண்டைகொடுத்து, கண்ணை மூடிக் காட்டினார். நித்திரை. "டோர், டோர்" என்றார். நித்திரையாயிருக்கிறார், சத்தம் போடாமல் போ என்றுதான் அவர் படியில் நின்று சொல்லியிருக்கிறார். மத்தியானம் ஒருமுறை வந்து எட்டிப் பார்த்தவராம். வந்தவர் மிசினுக்குக் கீழே கதிரையைப் போட்டுக் கனநேரம் இருந்துவிட்டுத்தான் போனாராம். இதெல்லாம் பிறகு செலீன் சொல்லித் தெரிந்தது.

சிவானந்தம் கண்ணைத் திறந்து எல்லாரையும் பார்த்தார். வெளிக்கிட்டு எங்கோ போகிற கூட்டமென்று நினைத்தாரோ என்னவோ, எழும்பி இருக்கப் பார்த்தார்.

"என்னப்பா, என்ன நடந்தது?"

கனகமணி கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். நெற்றியிலும் மேலுதட்டிலும் கழுத்திலும் அவளுக்குத் தண்ணீராய் ஓடியது. பிளவுஸ் முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

"எனக்குக் குளிருது, அந்தப் போர்வையை இஞ்சாலை தாரும்," என்றார் சிவானந்தம். பிறகு கட்டுப்போட்ட கையை நீட்டி, விரல் நுனியால் அவளுடைய நெற்றியைத் துடைத்து, அந்த ஈரத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு குளிருக்கை, உமக்கு ஏனப்பா இப்பிடி வேர்க்குது?"